அந்தப் பூஜ்யத்துக்குக் கீழே இன்னொரு வரி
(டெண்டர் ஆவணம் எழுதும் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்)

மதிப்புக்குரிய குழுவினருக்கு,

வணக்கம். கூட்டுறவுச் சங்கம், கல்லூரி, அறக்கட்டளை மருத்துவமனை, வாரியம் என்று உங்களில் பலர் வெளியிடும் டெண்டர் ஆவணங்களைப் பதினாறு வருடமாகப் படித்துவருகிறேன். நான் டெண்டர் எடுப்பவன் அல்ல. எடுத்தவர் வேலையை முடித்து, பில் பாஸாகி, ஊருக்குப் போன பிறகு, ராத்திரி பதினொன்றரைக்கு "சார், சிஸ்டம் நிக்குது" என்று ஒரு போன் வருமே, அதை எடுப்பவன்.

இப்போதெல்லாம் உங்கள் விலைப்பட்டியலில் ஒரு வரியைத் தவறாமல் பார்க்கிறேன். "தரவுத்தளம்: போஸ்ட்கிரெஸ், திறமூலம். உரிமக் கட்டணம்: ரூ. 0." (தரவுத்தளம் என்பது உங்கள் பதிவுகளையெல்லாம் வைத்துத் தேடித் தரும் மென்பொருள்; திறமூலம் என்றால் அதன் மூல நிரல் எல்லோருக்கும் திறந்தது.) அதற்கு அடுத்த வரி யுபிஎஸ் பேட்டரி. பேட்டரிக்கு மூன்று வருட ஏஎம்சி, அதாவது பராமரிப்பு ஒப்பந்தம், உண்டு. மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஆள் வந்து பார்க்க வேண்டும் என்ற நிபந்தனையும் உண்டு. ஏசிக்கும் அப்படியே. தரவுத்தளத்துக்கு மட்டும் பூஜ்யத்தோடு சரி. அந்தப் பூஜ்யத்தைப் பற்றித்தான் இந்த மடல்.

போஸ்ட்கிரெஸ் வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. என் வீட்டில் அடுப்பு எரிவதே அதனால்தான். காசுக்கு விற்கும் தரவுத்தளமான ஆரக்கிளில், என்டர்பிரைஸ் பதிப்பின் பட்டியல் விலை ஒரு ப்ராசஸருக்கு 47,500 டாலர்; அதற்குமேல் வருடாவருடம் 22 சதவீதம் ஆதரவுக் கட்டணம். மாவட்ட அளவிலான ஒரு சங்கம் அந்தப் பணத்தைக் கொட்ட வேண்டிய அவசியமே இல்லை. அரசுத் துறைகளுக்கு ஒன்றிய அரசு 2015-லேயே கொள்கை வகுத்துவிட்டது: திறமூல மென்பொருளையும் கணக்கில் எடுத்தாக வேண்டும், தவிர்த்தால் காரணம் சொல்ல வேண்டும். ஆக, நீங்கள் எடுத்த முடிவு சரி. எடுத்த காரணம்தான் இடிக்கிறது. விலையில்லை என்பதற்காக எடுக்கிறீர்கள். நல்ல சாமான் என்பதற்காக எடுத்திருந்தால், அதைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்ற நினைப்பும் கூடவே வந்திருக்கும்.

எவ்வளவு நல்ல சாமான் என்பதற்கு ஒரு கல்யாண மண்டபக் கதை சொல்கிறேன். ஓர் அறக்கட்டளைக்கு நாலு மண்டபம், முன்பதிவுக்கு இரண்டு கவுன்டர். ஆவணி வளர்பிறை முகூர்த்தம் ஒன்றுக்கு, இரண்டு கவுன்டரிலும் ஒரே நேரத்தில் இரண்டு குடும்பம் வந்து நின்றிருக்கிறது. மென்பொருள் என்ன செய்யும்? மண்டபம் காலியா என்று முதலில் பார்க்கும். காலி என்றால் பதிவு போடும். இரண்டு கவுன்டரும் பார்த்தபோது காலி. இரண்டும் பதிவு போட்டன. இரண்டு ரசீது. பத்திரிகை அச்சாகி ஊரெல்லாம் கொடுக்க ஆரம்பித்த பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. கடைசியில் ஒரு வீட்டார் வேறு மண்டபத்துக்கு ஒத்துக்கொண்டார்கள். மிச்சமிருந்த பத்திரிகைகளில் மண்டபத்தின் பெயர்மேல் ஸ்டிக்கர் ஒட்டும் செலவை அறக்கட்டளை ஏற்றது.

மென்பொருள் எழுதியவர் அதைச் சரிசெய்த விதம், இரண்டு தடவை பார்ப்பது! இரண்டாம் தடவை பார்ப்பதற்கும் பதிவு போடுவதற்கும் நடுவேயும் ஒரு கணம் இருக்கத்தானே செய்கிறது. போஸ்ட்கிரெஸில் இதற்கு நேரான வழி உண்டு. "முதல் நாள் மாலை 4 முதல் மறுநாள் மாலை 3 வரை" என்பதை இரண்டு தனித் தேதிகளாக இல்லாமல் ஒரே மதிப்பாக, ஒரு கால வீச்சாக, வைக்கலாம். 2012-இல் வந்த 9.2 பதிப்பிலிருந்தே முடியும். அப்புறம், ஒரே மண்டபத்துக்கு ஒன்றன்மேல் ஒன்று படியும் இரண்டு வீச்சுகள் இருக்கவே கூடாது என்று, பதிவுகள் இருக்கும் டேபிளுக்கே ஒரு கட்டுப்பாடு போடலாம். அது 2010-இல், 9.0-லேயே வந்துவிட்டது. எழுதினால் நாலு வரி. அதன்பின் எந்தக் கவுன்டர், எந்த மொபைல் ஆப், யார் கையால் நேரடியாகப் பதிவு போட்டாலும் இரண்டாவது ஆளைத் தரவுத்தளமே திருப்பி அனுப்பிவிடும். இன்னொரு திறமூலத் தரவுத்தளமான மைஎஸ்க்யூஎல்-இல் இதற்கு நேரான வசதி இல்லை. பூட்டுப் போட்டுத் திறந்து நாமேதான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

தப்பான தரவை வாசலிலேயே நிறுத்தும் இந்தக் குணம் போஸ்ட்கிரெஸின் எலும்பில் ஊறியது. ஒரு டேபிளின் அமைப்பை மாற்றிக்கொண்டிருக்கும்போது பாதியில் ஏதாவது உடைந்தால் அந்த மாற்றத்தையும் ரோல்பேக் செய்யலாம், அதாவது பழையபடிக்கே திருப்பலாம். ஆரக்கிளில் அந்தக் கட்டளையைக் கொடுத்த கையோடு கமிட் ஆகிவிடும், அதாவது நிரந்தரமாகப் பதிந்துவிடும். ராத்திரி அப்டேட் போடுகிறவர்களுக்குத் தெரியும் இதன் அருமை.

இன்னொரு பலம், இதற்கு முதலாளி இல்லை. கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் மைக்கேல் ஸ்டோன்பிரேக்கர் இங்கிரெஸ் என்ற தரவுத்தளத்துக்கு அடுத்ததாக 1986-இல் தொடங்கிய ஆய்வு வேலை இது. இங்கிரெஸுக்குப் பிந்தியது என்பதால்தான் போஸ்ட்கிரெஸ். ஆண்ட்ரூ யூ, ஜாலி சென் என்ற இரண்டு மாணவர்கள் தொண்ணூறுகளின் நடுவில் அதற்கு, தரவுத்தளத்திடம் கேள்வி கேட்கும் எஸ்க்யூஎல் மொழியைச் சேர்த்தார்கள். அன்றிலிருந்து பல நிறுவனத்துக்காரர்களும் தனி ஆட்களுமாகத்தான் அதை வளர்க்கிறார்கள். மைஎஸ்க்யூஎல் கதை வேறு: 2008-இல் சன் நிறுவனம் வாங்கியது, 2010-இல் சன்னையே ஆரக்கிள் வாங்கியது. மைஎஸ்க்யூஎல்-ஐ ஆரம்பித்தவரே அதற்குள் பிரிந்துபோய் மரியாடிபி என்ற வேறொரு தரவுத்தளத்தைத் தொடங்கியிருந்தார். போஸ்ட்கிரெஸை அப்படி யாரும் விலை பேச முடியாது. பேசினாலும் யாரிடம் பேசுவது?

முதலாளி இல்லாததால் குற்றத்தை மூடி மறைக்கவும் ஆள் இல்லை. டிஸ்க்கில் எழுதும்போது பிழை வந்தால், லினக்ஸ் ஆபரேட்டிங் சிஸ்டம் அந்தப் பிழையை ஒரே ஒருமுறை சொல்லிவிட்டு மறந்துவிடும் என்பதும், போஸ்ட்கிரெஸ் மறுபடி முயன்று "எழுதியாயிற்று" என்று நம்பிக்கொண்டிருந்தது என்பதும் 2018-இல் வெளிப்பட்டது. பல வருடப் பிழை. எல்லோர் கண் முன்னாலும் சண்டை போட்டு, 2019 பிப்ரவரியில் திருத்தத்தை, ஆதரவில் இருந்த எல்லாப் பதிப்புகளுக்கும் கொடுத்தார்கள். இந்த ஒன்றுக்காகவே எனக்கு அவர்கள்மேல் நம்பிக்கை கூடியது.

தமிழ் விஷயத்துக்கு வருகிறேன், ஏனென்றால் உங்கள் உறுப்பினர் பட்டியல்கள் தமிழில்தான் இருக்கின்றன. எழுத்து வரிசையைச் சும்மா விட்டுவிட்டால், கணினி ஒவ்வொரு எழுத்துக்கும் வைத்திருக்கும் யூனிகோட் எண் வரிசைப்படி கண்ணன், கன்னியப்பன், கமலா, கற்பகம் என்று வரும். யூனிகோடில் ன-வை ந-வுக்குப் பக்கத்தில் உட்கார வைத்துவிட்டதால் வந்த வினை. ஒன்றாம் வகுப்புப் பிள்ளை கேட்டால்கூட, கன்னியப்பன் கடைசியில்தானே வர வேண்டும் என்று சொல்லும். ஐசியூ என்ற மென்பொருள் தொகுப்பின் தமிழ் வரிசையைப் பயன்படுத்தினால் இது நேராகும். 2017-இல் 10-ஆம் பதிப்பில் அந்த வசதி வந்தது; 2022-இல் 15-ஆம் பதிப்பிலிருந்து முழுத் தரவுத்தளத்துக்கும் அதையே இயல்பாக வைக்கலாம். ஆனால் நிறுவும் நாளிலேயே யாராவது நினைத்துச் செய்ய வேண்டும். நான் பார்த்த நிறுவல்களில் முக்கால்வாசியில் யாரும் நினைக்கவில்லை. இன்னொன்று: 'தமிழ்' நமக்கு மூன்று எழுத்து, போஸ்ட்கிரெஸுக்கு ஐந்து (த, ம, இகரக் குறி, ழ, புள்ளி). "பெயர்: 20 எழுத்துக்குள்" என்று படிவத்தில் அச்சடித்துவிட்டு டேபிளிலும் 20 என்றே வைத்தால், பாலசுப்பிரமணியன் தன் இரண்டு இன்ஷியலோடு வாசலிலேயே நிற்பார். 2019-இல் வந்த 12-ஆம் பதிப்பில் தமிழ்ச் சொற்களின் வேரைப் பிரித்துத் தேடும் வசதியும் சேர்ந்திருக்கிறது என்பதைச் சந்தோஷமாகவே சொல்லிக்கொள்கிறேன்.

இதே எழுத்து வரிசை ஒரு பலவீனமும் ஆகிறது. வரிசையை ஆபரேட்டிங் சிஸ்டத்திடமிருந்து வாங்கிக்கொள்ளும் நிறுவல்கள்தான் பெரும்பாலும். 2018-இல் லினக்ஸின் அடிப்படைப் பகுதிகளில் ஒன்றான ஜிலிப்சியின் 2.28 பதிப்பு அந்த வரிசையையே மாற்றியது. பழைய சர்வரிலிருந்து புது சர்வருக்கு டிஸ்க்கை அப்படியே எடுத்துப்போய் மாட்டினால், பழைய வரிசையில் அடுக்கிய இண்டெக்ஸை (சீக்கிரம் தேடுவதற்கான பட்டியல்) புது வரிசையில் தேட ஆரம்பிக்கும். இருக்கிற உறுப்பினரை "இல்லை" என்று சொல்லும். இல்லை என்றதால் அவர் பெயரில் இன்னொரு பதிவும் போட விடும். எல்லா இண்டெக்ஸையும் மறுபடி கட்டினால் போதும், ஒரு கட்டளைதான். அது தெரிந்த ஆள் பக்கத்தில் இருக்க வேண்டும்.

சரி, பெரிய பலவீனத்துக்கு வருவோம். மளிகைக் கடைப் பேரேட்டை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு தொகையைத் திருத்த வேண்டுமென்றால் பழைய வரியை அழிக்க மாட்டார்கள். குறுக்கே கோடு போட்டுவிட்டுக் கீழே புது வரி எழுதுவார்கள். போஸ்ட்கிரெஸும் அப்படித்தான். இதில் ஒரு பெரிய வசதி இருக்கிறது: ஒருவர் கணக்குப் பார்த்துக்கொண்டிருக்கும்போது இன்னொருவர் திருத்தினாலும், பார்க்கிறவருக்குத் தன் பக்கம் கலையாது. படிப்பவர் எழுதுபவருக்காகக் காத்திருக்க வேண்டாம். ஆனால் கோடு போட்ட வரிகள் நோட்டுக்குள்ளேயே கிடக்கும். அவற்றைக் கூட்டித் துடைக்கத்தான் வேக்யூம் என்று ஒரு வேலை. அது தானாகவே ஓடும். ஒரு டேபிளில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு பழசானால் துடைப்பம் வரும் என்பது இயல்பு அமைப்பு. பத்தாயிரம் பதிவுக்கு அது சரி. பத்துக் கோடிப் பதிவுக்கு, இரண்டு கோடி குப்பை சேரும்வரை காத்திருக்கும். ஒவ்வொரு பெரிய டேபிளுக்கும் கையால் குறைத்து வைக்க வேண்டிய எண் அது.

ஒரு நெசவு ஆலையில் பார்த்தது. 212 தறி, ஒவ்வொரு தறியும் இரண்டு விநாடிக்கு ஒருமுறை தன் நிலையை ஒரு டேபிளில் புதுப்பிக்கும். டேபிளில் எப்போதும் 212 பதிவுதான். சின்னப் பிள்ளை நோட்டு மாதிரி. பொங்கல் விடுமுறைக்கு முந்தின மாலை, ஒரு சூப்பர்வைசர் வேறொரு டேபிளில் ஷிப்ட் பெயர் ஒன்றைத் திருத்தியிருக்கிறார். கமிட் கொடுக்கவில்லை. திரையை அப்படியே விட்டுவிட்டு ஊருக்குப் பஸ் ஏறிவிட்டார். அவர் கணக்கு முடியாதவரை, அதற்குப் பிறகு கோடு போட்ட எந்த வரியையும் வேக்யூம் தொட முடியாது. அவருக்குத் தேவைப்படலாம் என்று ஒதுங்கி நிற்கும். ஆலை விடுமுறையிலும் ஓடியது. நாலு நாளில் மூன்றரைக் கோடிக்கு மேல் செத்த வரிகள். 212 பதிவு உள்ள டேபிள் ஐந்து ஜிபிக்கு வீங்கி, கண் இமைக்கும் நேரத்தில் வந்த திரை ஒரு நிமிடம் யோசித்தது. நான் போய்ச் செய்தது அந்த ஒரு இணைப்பைத் துண்டித்து, டேபிளைச் சுருக்கியது. பத்து நிமிட வேலை. கண்டுபிடிக்க ஒரு ராத்திரி. இதைத் தடுக்க, வேலை முடிக்காமல் சும்மா நிற்கும் இணைப்பை இத்தனை நிமிடத்தில் வெட்டிவிடு என்று ஓர் அமைப்பு 2016 முதல் இருக்கிறது. இயல்பாக அது அணைத்து வைக்கப்பட்டிருக்கும். வாங்கிய டப்பாவில் இருந்தபடியே ஓடவிட்டால் இப்படித்தான்.

வேக்யூமை யாராவது "வேகம் குறைகிறது" என்று நிறுத்திவைத்தால் கதை இன்னும் மோசம். எதையாவது எழுதும் ஒவ்வொரு பரிவர்த்தனைக்கும் போஸ்ட்கிரெஸ் ஒரு டோக்கன் எண் கொடுக்கிறது. அது 32 பிட் எண். பழசு எது புதுசு எது என்று பிரித்தறிய ஏறக்குறைய 200 கோடி டோக்கன்தான் இடம். வேக்யூம் பழைய டோக்கன்களை ஓய்வு கொடுத்து அனுப்பாவிட்டால், எல்லை நெருங்கும்போது எச்சரிக்கும். அதையும் யாரும் படிக்காவிட்டால், புதிதாக எதையும் எழுத மாட்டேன் என்று உட்கார்ந்துவிடும். பழைய தரவு குழம்பக் கூடாது என்பதற்காகத்தான். ஆனால் கவுன்டரில் நிற்கிறவருக்கு அது நின்றுபோன சிஸ்டம்தான். மெயில்சிம்ப் நிறுவனத்தின் மேண்ட்ரில் மின்னஞ்சல் சேவை 2019 பிப்ரவரியில் இதே காரணத்தால் ஒரு நாளுக்கு மேல் தடுமாறியது. அவர்களிடம் ஆள் இல்லாமலா?

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒவ்வொரு இணைப்புக்கும் சர்வரில் ஒரு தனி ப்ராசஸ் எழும்பும். இயல்பு எல்லை 100. தேர்வு முடிவு நாளில் மாணவர்கள் எல்லோரும் மொபைலைத் தட்டினால் கதவு சாத்திக்கொள்ளும். எல்லையை 1000 ஆக்குவது மருந்தல்ல. நடுவே பிஜிபவுன்சர் போன்ற ஒன்றை உட்கார வைத்து இணைப்புகளைப் பங்கு போட வேண்டும். முதன்மை சர்வர் விழுந்தால் துணை சர்வர் தானாகப் பொறுப்பேற்கும் ஏற்பாடு போஸ்ட்கிரெஸுக்குள் இல்லை. பத்ரோனி போன்ற வெளிக் கருவி வேண்டும். ஆரக்கிளிலிருந்து வருகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள்: அங்கே வெற்று எழுத்துத்தொடரும் 'மதிப்பே இல்லை' என்பதும் ஒன்று, இங்கே இரண்டும் வேறு. தொலைபேசி எண் இல்லாதவர்கள் எத்தனை பேர் என்ற ஒரே கேள்விக்கு இரண்டு விடை வந்து நிற்கும். (எட்டுப் பேர் பார்க்கும் ஒரு நூலகப் பட்டியலுக்குப் போஸ்ட்கிரெஸே அதிகம், எஸ்க்யூலைட் என்ற சின்னத் தரவுத்தளம் போதும். அதற்கும் டெண்டர் விடுகிறீர்கள்.)

பேக்கப் பற்றி மட்டும் சுருக்கமாகச் சொல்ல முடியாது. ஒரு மருத்துவமனையில் டிஸ்க் மாற்றும் வேலைக்காகப் போயிருந்தேன். தினமும் அதிகாலை 2 மணிக்குப் பேக்கப், சுருக்கிய கோப்பாக. ஃபோல்டரைத் திறந்து காட்டினார்கள். ஒரு நாள் விடாமல் தேதி போட்ட கோப்புகள், பார்க்கவே அழகு. அளவைப் பார்த்தேன். ஒவ்வொன்றும் 20 பைட். கேபியும் இல்லை எம்பியும் இல்லை, வெறும் பைட். ஒன்றுமே இல்லாததை ஜிசிப் என்ற சுருக்கும் கருவி சுருக்கினால் வருகிற அளவு அது. ஏழு மாதத்துக்கு முன்னால் யாரோ பாஸ்வேர்டை மாற்றியிருக்கிறார்கள். பேக்கப் எடுக்கும் கருவியான பிஜி_டம்ப் உள்ளே நுழைய முடியாமல் திரும்பியிருக்கிறது. ஜிசிப் மட்டும் தன் கடமையைத் தவறாமல் செய்திருக்கிறது. அன்று டிஸ்க் நல்லபடியாகவே இருந்தது. ஒரு வாரம் முன்னால் டிஸ்க் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அந்த அலுவலர் கேட்டார், நான் பதில் சொல்லவில்லை.

இது சின்ன ஊர்ச் சமாச்சாரம் என்று நினைக்க வேண்டாம். 2017 ஜனவரி 31 ராத்திரி, மென்பொருள் நிரல்களைச் சேமித்து வைக்கும் சேவை நடத்தும் கிட்லேப் நிறுவனத்தில் ஒரு பொறியாளர் துணை சர்வர் என்று நினைத்து முதன்மை சர்வரின் தரவுக் கோப்புறையை அழித்துவிட்டார். ஓரிரு விநாடியில் நிறுத்தினார். 300 ஜிபி அளவில் 4.5 ஜிபிதான் மிச்சம். பேக்கப் எடுக்க வைத்திருந்த வழிகள் ஒன்றும் கைகொடுக்கவில்லை. சர்வர் 9.6 பதிப்பு, பிஜி_டம்ப் 9.2 பதிப்பு, அதனால் அது தினமும் தோற்றுக்கொண்டிருந்தது. தோற்றதைச் சொல்லும் மின்னஞ்சல்கள் வந்துசேரவே இல்லை. தற்செயலாக ஆறு மணி நேரம் முன்னால் வேறொரு காரணத்துக்காக எடுத்த நகல்தான் காப்பாற்றியது. இதையெல்லாம் அவர்களே எழுதி வெளியிட்டார்கள், மீட்பு வேலையை நேரலையாகவும் காட்டினார்கள். அந்த அறிக்கையைப் படித்தபோது எனக்கு அந்த 20 பைட் கோப்புகள்தான் கண்ணில் நின்றன.

இனி நான் கேட்பது. அந்தப் பூஜ்யத்துக்குக் கீழே "தரவுத்தளப் பராமரிப்பு" என்று ஒரு வரி சேருங்கள், அதற்கு ஒரு தொகை போடுங்கள். மாதத்துக்கு இத்தனை மணி நேரம் தெரிந்த ஓர் ஆள் உட்கார்ந்து பார்க்க வேண்டும் என்று எழுதுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை, உங்கள் அலுவலர் ஒருவர் பக்கத்தில் உட்கார, பேக்கப்பை வேறொரு சர்வரில் ஏற்றிக் காட்ட வேண்டும்; எத்தனை நிமிடம் ஆனது, கடைசிப் பதிவு எந்தத் தேதி என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அந்தக் காகிதம் இல்லாமல் காலாண்டு பில் பாஸாகக் கூடாது. ஒப்பந்தக் காலத்துக்குள் ஒரு பெரிய பதிப்பு மாற்றம் கட்டாயம் என்று வையுங்கள். தமிழ் எழுத்து வரிசையை ஏற்கும் நாளில் சோதியுங்கள். மேலே சொன்ன நாலு பெயர் போதும்.

இன்னொன்றும் உண்டு, சொன்னால் சுயநலம் என்பீர்கள். "கடந்த மூன்று வருடத்தில் ஆண்டுக்கு 5 கோடி வருவாய்" என்ற நிபந்தனையைப் பராமரிப்பு வரிக்கும் சேர்த்தே போடுகிறீர்கள். போஸ்ட்கிரெஸ் தெரிந்தவர்கள் இந்தப் பக்கம் இரண்டு பேர், மூன்று பேராகச் சின்ன ஆபீஸ்களில் இருக்கிறார்கள். 5 கோடிக்காரர் வேலையை வாங்கி, ஏழாவது கையாக எங்களிடம்தான் தருகிறார், அதுவும் நின்றுபோன பிறகு. பராமரிப்பைத் தனி டெண்டராகப் பிரித்தால் உங்களுக்கும் குறையும்.

அடுத்த முன்-ஏலக் கூட்டத்துக்கு நான் வருவேன். பின் வரிசையில் உட்காருவேன். கேள்வி நேரத்தில் இந்த ஒன்றைத்தான் கேட்பேன்: கடைசியாகப் பேக்கப்பை ஏற்றிப் பார்த்தது எந்தத் தேதி?

இப்படிக்கு,
கோவையிலிருந்து, ராத்திரி போனை எடுப்பவன்

பி.கு.: உங்கள் ஆவணங்களில் "போஸ்ட்கிரெஸ் பதிப்பு 12 அல்லது அதற்கு மேல்" என்ற வரி இன்னும் நகலெடுக்கப்பட்டு வருகிறது. ஒவ்வொரு பெரிய பதிப்புக்கும் ஐந்து வருடம்தான் ஆதரவு. 12-க்கு 2024 நவம்பரிலேயே முடிந்துவிட்டது. 18-ஆம் பதிப்பு 2025 செப்டம்பரில் வந்தாயிற்று. அந்த எண்ணை மட்டுமாவது இந்த வாரம் மாற்றிவிடுங்கள்.